78 வயது, 12 வரிச் சீட்டு: எதை முதலில் நிறுத்துவது?

#1 புறநோயாளி அறை

தொற்றா நோய் ஓபி நாளில் இப்படி ஒரு சீட்டு வாரத்துக்குப் பத்தாவது வரும். பல சீட்டுகளைச் சேர்த்து நானே எழுதிய மாதிரி இது. எந்த ஒரு நோயாளியுடையதும் அல்ல.

பெண், 78 வயது, 45 கிலோ, 148 செ.மீ. சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி. மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவு) 1.1 (லேப் தாளில் 'நார்மல்'). மூன்று மாதச் சர்க்கரை 6.4. இப்போதைய குறை: கை நடுக்கம், மறதி, இரண்டு முறை கீழே விழுந்தது.

1. கிளிமிபிரைடு 2 + மெட்ஃபார்மின் 500, காலை இரவு (வெளி மருத்துவர்)
2. மெட்ஃபார்மின் 500, காலை இரவு (மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருவது)
3. டெல்மிசார்ட்டன் 40 + ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5, காலை
4. அம்லோடிபின் 10, காலை
5. ஃபுரோசெமைடு 40, காலை (கால் வீக்கம், 16 மாதமாக)
6. ஆஸ்பிரின் 75
7. அடோர்வாஸ்டாட்டின் 10
8. பான்டோபிரசோல் 40 + லெவோசல்பிரைடு 75, வெறும் வயிற்றில் (ஒன்றரை வருடமாக)
9. சின்னரிசின் 25, மூன்று வேளை (தலைசுற்றல், 14 மாதமாக)
10. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2, இரண்டு வேளை (நடுக்கம், 6 மாதமாக)
11. அல்பிரசோலம் 0.5, இரவு (நாலு வருடமாக)
12. அசெக்ளோஃபெனாக் + பாரசிட்டமால், வலிக்கும்போது (விசாரித்தால் தினமும் இரண்டு)

12 வரி, 15 மருந்து, ஒரு நாளைக்கு 18 மாத்திரை. ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் ஓபியில் எங்கே கை வைப்பது? சிறப்பு மருத்துவரிடம் அனுப்பு என்பதைத் தவிர எந்தப் பதிலும் சொல்லுங்கள். அனுப்பினால் பதிமூன்றாவது வரியோடு திரும்பி வருகிறார்கள்.

#2 மருந்தறை

முதல் வேலை இரட்டிப்பைப் பிடிப்பது டாக்டர். அதற்கு மருத்துவமே தெரிய வேண்டாம், எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். வரி 1-லும் 2-லும் மெட்ஃபார்மின். சேர்த்து நாளுக்கு 2000 மி.கி. போகிறது. பாட்டிக்கு அது தெரியாது. ஒன்று 'வெளி மாத்திரை', இன்னொன்று 'கவர்மென்ட் மாத்திரை'. இரண்டும் இரண்டு வியாதிக்கு என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது நாலு கட்டம் போட்ட ஒரு தாள்: என்ன மருந்து, எதற்கு, யார் ஆரம்பித்தது, எப்போதிருந்து. 'எதற்கு' கட்டம் காலியாக இருந்தால் அந்த மருந்து விசாரணைக்கு உரியது. 'எப்போதிருந்து' கட்டத்தை நிரப்பி, தேதி வாரியாக மேலிருந்து கீழாக எழுதிப் பாருங்கள். உங்கள் சீட்டே கதை சொல்லிவிடும்.

#3 முதியோர் வார்டு

மருந்தறை சார் சொன்னபடி தேதி வாரியாக அடுக்கினால் வருவது இது: வயிறு உப்புசத்துக்கு லெவோசல்பிரைடு. நாலு மாதம் கழித்து தலைசுற்றலுக்கு சின்னரிசின். ஆறேழு மாதத்தில் கை நடுக்கம். நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில். அதற்குப் பிறகு மறதி.

லெவோசல்பிரைடு மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமைனின் ஏற்பிகளை அடைக்கும் மருந்து. 'கேஸ் மாத்திரை'க்குள் ஒளிந்திருப்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. சின்னரிசினும் டோபமைன் ஏற்பிகளை அடைக்கக் கூடியதுதான். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசினும் அதே குடும்பம். இரண்டும் ஒரே உடம்பில், 78 வயதில் சேர்ந்தால் வருவது பார்க்கின்சன் நோய் போலவே இருக்கும் மருந்துக் கோளாறு. இரண்டு கையிலும் ஏறக்குறைய சமமாக, சில மாதங்களுக்குள் தொடங்கியிருந்தால் மருந்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அசல் பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கி மெதுவாக ஏறும்.

ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அசெட்டில்கோலினை அடைக்கும். கிழவர்களுக்கு அதில் வாய் உலரும், மலம் கட்டும், சிறுநீர் அடைக்கும், புத்தி குழம்பும். அந்தக் குழப்பத்துக்கு 'மறதி மாத்திரை' எழுதினால் சங்கிலியில் இன்னொரு கண்ணி.

நிறுத்தும் வரிசை முக்கியம். 8-ல் உள்ள லெவோசல்பிரைடும் 9-ல் உள்ள சின்னரிசினும் இன்றே நிற்கலாம். பான்டோபிரசோலைத் தனி மாத்திரையாகக் கொடுங்கள். ட்ரைஹெக்ஸிஃபெனிடிலை இன்றே நிறுத்த வேண்டாம். மூன்று நாலு வாரம் கழித்து, வாரம் 1 மி.கி. வீதம் குறைத்து நாலு வாரத்தில் முடிக்கலாம். நடுக்கம் ஒரு வாரத்தில் போகாது. சில வாரம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். இதை முதல் நாளே வீட்டாரிடம் சொல்லாவிட்டால் பத்தாவது நாள் நரம்பு மருத்துவரிடம் போய் லெவோடோபாவோடு (பார்க்கின்சன் மருந்து) வருவார்கள். ஆறு மாதம் கழிந்தும் நடுக்கம் நீடித்தால் அடியில் அசல் நோய் இருந்திருக்கலாம். அப்போது அனுப்புங்கள்.

#4 சந்தேகப்பேர்வழி

இதற்கெல்லாம் முதியோருக்கு ஆகாத மருந்துகளின் பியர்ஸ் பட்டியல் இருக்கிறதே, அதைப் பார்த்து டிக் அடித்தால் ஆகாதா? எதற்கு இவ்வளவு துப்பறிதல்?

#5 முதியோர் வார்டு

//பியர்ஸ் பட்டியல் இருக்கிறதே//

இருக்கிறது. 1991-ல் அமெரிக்க முதியோர் இல்லங்களுக்காகத் தொடங்கியது, 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. கிளிமிபிரைடு, அல்பிரசோலம், ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாம் அதில் மாட்டும். ஆனால் அது அமெரிக்கக் கடையில் கிடைக்கும் மருந்துகளுக்கான பட்டியல். லெவோசல்பிரைடு, சின்னரிசின், ஃப்ளூனரிசின் மூன்றும் அங்கே விற்பனையில் இல்லை. இந்தச் சீட்டில் அதிகச் சேதம் செய்த இரண்டு மருந்தும் டிக் அடிப்பவர் கண்ணில் படாது.

அயர்லாந்தில் 2008-ல் வந்த ஸ்டாப்–ஸ்டார்ட் அளவுகோல் (மூன்றாம் பதிப்பு 2023) ஒரு விதத்தில் மேல். நோயோடு சேர்த்துப் பார்க்கும், கொடுக்காமல் விட்டதையும் கேட்கும். ஆனாலும் நம் ஊர் மாத்திரைப் பைக்கு நாமே ஒரு துண்டுத்தாள் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

#6 மஞ்சப்பை

அந்தத் துண்டுத்தாளில் நான் சேர்ப்பவை: சளிக்குத் தரும் குளோர்ஃபெனிரமின் (நாம் சிபிஎம் என்பது). அரிப்புக்கு ஹைட்ராக்ஸிசின். வயிற்று வலிக்கு டைசைக்ளோமின். கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின். நாலும் அசெட்டில்கோலினை அடைப்பவை. ஒவ்வொன்றும் தனியாகச் சாது. புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்கு இரண்டு சேர்ந்தால் அன்றிரவே சிறுநீர் அடைத்து கதீட்டர் போட வருவார். இருமல் டானிக்கிலும் சிபிஎம் இருக்கும், மறக்காதீர்கள்.

மூச்சிரைப்புக்கான எட்டோஃபிலின்–தியோஃபிலின் மாத்திரையும் உண்டு. அதை விழுங்குபவருக்கு சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃபிளாக்ஸசின் எழுதினால் தியோஃபிலின் அளவு ரத்தத்தில் எகிறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகும்.

#7 புறநோயாளி அறை

சங்கிலி புரிகிறது. சிறுநீரக விஷயத்துக்கு வருவோம். கிரியேட்டினின் 1.1 என்பதால் இதுவரை யாரும் கவலைப்படவில்லை.

#8 மருந்தறை

1.1 என்பது 35 வயது ஆம்பிளைக்கு நார்மல். காக்ராஃப்ட்–கால்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள்:

140 − 78 = 62
62 × 45 கிலோ = 2790
72 × 1.1 = 79.2
2790 ÷ 79.2 = 35.2
பெண் என்பதால் × 0.85 = சுமார் 30

சிறுநீரகம் நிமிடத்துக்கு 30 மில்லிதான் வடிகட்டுகிறது. மெட்ஃபார்மினை இன்றே நிறுத்த வேண்டும்.

#9 முதியோர் வார்டு

கணக்கு சரி, முடிவில் அவசரம் இருக்கிறது சார். மெட்ஃபார்மினை 45-க்குக் கீழ் குறை, 30-க்குக் கீழ் நிறுத்து என்ற எல்லைகள் இஜிஎஃப்ஆர் (கிரியேட்டினின், வயது, பாலினம் வைத்துக் கணிக்கும் வடிகட்டல் அளவு) வைத்து விதித்தவை. 2021 சூத்திரப்படி இதே பாட்டிக்கு இஜிஎஃப்ஆர் 51 வரும். அந்த 51 சராசரி அமெரிக்க உடம்புக்கு, அதாவது 1.73 சதுர மீட்டர் தோல் பரப்புக்கு. இவருக்குப் பரப்பு சுமார் 1.36. விகிதப்படி இறக்கினால் 40. ஆக ஒரே ரத்தத்துக்கு 30, 40, 51 என்று மூன்று விடை. சின்ன உடம்பில் இந்த இடைவெளி எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும்.

நான் செய்வது: மெட்ஃபார்மினை நாளுக்கு 1000-க்கு மேல் போகவிடாமல் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் பார்ப்பது. வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சலில் சாப்பிடாத நாட்களில் நிறுத்தச் சொல்வது. வெளியிலிருந்து வரும் வரி 1-ஐ எடுத்துவிட்டால் மீதி சரியாக 1000. ஒரே வெட்டில் இரட்டிப்பும் போகிறது, கிளிமிபிரைடும் போகிறது.

#10 மருந்தறை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிருமிக்கொல்லி, இதய மருந்தான டைகாக்ஸின் போன்றவற்றின் அளவுக்கு காக்ராஃப்ட்தான் என்பதை விட்டுவிடாதீர்கள். டைகாக்ஸின் 0.25 மாத்திரையை இந்த வயதில் முழுசாகத் தினமும் கொடுப்பது இன்னும் நடக்கிறது. பாதிக்கு மேல் வேண்டாம்.

#11 கிராம செவிலி

கிளிமிபிரைடு பற்றி ஒன்று. அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமை என்று விரதம் இருப்பவர்கள் சாப்பாட்டை விடுவார்கள், மாத்திரையை விடமாட்டார்கள். 'டாக்டர் ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு சொன்னாரு'. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கிளிமிபிரைடும் அதே வகை கிளிபென்கிளமைடும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைப் பிழிந்துகொண்டே இருக்கும். பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, பக்கவாதம் என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

நினைவிருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலக்கி, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்கணும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, குளுக்கோஸ் ஊசிதான். ஏறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது.

#12 முதியோர் வார்டு

சிஸ்டர் சொன்ன கடைசி வரியை அடிக்கோடிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இந்த வகை மருந்தால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கும். 24 மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். கிளிபென்கிளமைடு 60 வயதுக்கு மேல் உகந்ததல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே 2013-ல் குறிப்பு ஏறி, கிளிக்ளசைடு உள்ளே வந்தது.

இந்த வயதில், இத்தனை நோயோடு, 6.4-ஐப் பார்த்து 'சூப்பர் கன்ட்ரோல்' என்று பாராட்டக் கூடாது. 8-க்குக் கீழ் இருந்தால் போதும். வரி 1-ஐ நிறுத்தி இரண்டு வாரத்தில் வெறும் வயிறு, சாப்பிட்ட பின் இரண்டும் பாருங்கள். ஏறினால் லினாகிளிப்டின் 5 அல்லது டெனெலிகிளிப்டின் 20 சேர்க்கலாம். இரண்டுக்கும் சிறுநீரகத்துக்காக அளவு குறைக்க வேண்டாம். இரண்டாவது விலை மலிவு.

#13 மஞ்சப்பை

அடுத்து 3, 5, 12. டெல்மிசார்ட்டன், நீர் பிரியும் மாத்திரை இரண்டு, அசெக்ளோஃபெனாக். சிறுநீரக வடிகட்டிக்கு உள்ளே வரும் குழாயை வலி மாத்திரை இறுக்குகிறது, வெளியே போகும் குழாயை டெல்மிசார்ட்டன் தளர்த்துகிறது, நீர் மாத்திரை ஓடுகிற ரத்தத்தையே குறைக்கிறது. வடிகட்ட அழுத்தம் எங்கிருந்து வரும்? சித்திரை வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு போதும், கிரியேட்டினின் 4-க்குப் போக.

வலிக்கு பாரசிட்டமால் 500, மூன்று வேளை நேரம் தவறாமல். 45 கிலோ உடம்புக்கு நாளுக்கு 2 கிராம் தாண்ட வேண்டாம். முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல், ஒரு தடவைக்கு 4 கிராம். பட்டாணி அளவு தொட்டுத் தடவிவிட்டு 'ஜெல் கேட்கல' என்பார்கள். 30 கிராம் டியூப் ஏழு தடவைதான் வரும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடிக்கும் பயிற்சி, காலுக்குப் பத்து, நாளுக்கு இரண்டு வேளை.

#14 புறநோயாளி அறை

கால் வீக்கம்? ஃபுரோசெமைடை எடுத்தால் மறுபடி வீங்குமே.

#15 முதியோர் வார்டு

வீக்கம் யாரால் வந்தது என்று பாருங்கள். அம்லோடிபின் 10. அது சின்னத் தமனிகளை விரிக்கும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. நுண்குழாயில் அழுத்தம் ஏறி நீர் திசுவுக்குள் கசியும். உடம்பில் நீர் அதிகமானதால் வந்த வீக்கம் அல்ல, அதனால் நீர் மாத்திரைக்குச் சரியாகக் கேட்காது. மாறாக சோடியம், பொட்டாசியம் இறங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். தலைசுற்றலுக்கு யார் சின்னரிசின் எழுதினார் என்பது இப்போது புரியுமே.

முதலில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கழுத்துச் சிரை புடைத்திருக்கிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அம்லோடிபினை 5 ஆக்கி, ஃபுரோசெமைடை ஒரு வாரம் பாதி மாத்திரையாக்கி நிறுத்துங்கள். எடை மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வரச் சொல்லுங்கள். சோடியம் 130-க்குக் கீழே இருந்தால் ஹைட்ரோகுளோரோதையசைடையும் அன்றே எடுத்துவிட்டு, ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

#16 கிராம செவிலி

விழுந்தவர்களுக்கு நின்ற நிலை பிரஷர் பார்ப்பதே இல்லை. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒன்று, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுதான் தலைசுற்றல். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும் பெஞ்சிலேயே நாங்கள் இதை முடித்து நோட்டில் எழுதி அனுப்பலாம், டாக்டரின் மூன்று நிமிடத்தைத் தொடவே வேண்டாம்.

#17 சந்தேகப்பேர்வழி

ஆஸ்பிரினை மட்டும் தொடாதீர்கள். எழுபது வயதில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதானே காவல்.

#18 முதியோர் வார்டு

மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் ஏதாவது இருந்தால் தொடக்கூடாது, உண்மை. இவருக்கு அது எதுவும் இல்லை. 70 தாண்டிய, இதய நோய் வராத 19,000 பேருக்கு மேல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் சேர்த்துச் செய்த ஆஸ்ப்ரீ ஆய்வு 2018-ல் வந்தது. ஆஸ்பிரின் ஆரோக்கிய ஆயுளைக் கூட்டவில்லை, பெரிய ரத்தக்கசிவைக் கூட்டியது. அசெக்ளோஃபெனாக்கும் கூட ஓடும்போது வயிற்றுப்புண்ணுக்குக் கேட்கவே வேண்டாம்.

#19 மருந்தறை

இரண்டும் நின்ற பிறகுதான் பான்டோபிரசோலைத் தொட வேண்டும், அதுவரை அது காவல். பிறகு 40-லிருந்து 20, நாலு வாரம். அதன்பின் நிறுத்தம். நிறுத்தியதும் இரண்டு வாரமாவது அமிலம் எதிர்த்து அடிக்கும். அதை 'மாத்திரை இல்லாமல் முடியாது' என்று எடுத்துக்கொண்டு திரும்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த நாட்களை ஆன்டாசிட் திரவத்தால் கடத்தலாம். வருடக்கணக்கில் மெட்ஃபார்மினும் இதுவும் சேர்ந்தால் பி12 இறங்கும். கால் எரிச்சலுக்கு எல்லாம் சர்க்கரையைக் குறை சொல்லக் கூடாது.

#20 புறநோயாளி அறை

அல்பிரசோலம்?

#21 முதியோர் வார்டு

கடைசியில். நாலு வருடம் தின்றதை ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் போவது மட்டுமல்ல, வலிப்பும் சித்தக் குழப்பமும் வரலாம். 0.25 மாத்திரையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றரை மாத்திரை இரண்டு வாரம், ஒன்று இரண்டு வாரம், அரை இரண்டிலிருந்து நாலு வாரம், பிறகு நிறுத்தம். தடுமாறினால் அதே படியில் இன்னும் இரண்டு வாரம் நிற்கலாம், மேலே ஏற வேண்டாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்கக் கூடாது. பதிலுக்கு சிபிஎம், அமிட்ரிப்டிலின் எழுதினால் பேயை ஓட்டிப் பிசாசைக் கூட்டி வந்த கதை.

#22 மருந்தறை

கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. அல்பிரசோலம் எச்1 அட்டவணை மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கணும். பழைய அட்டையைக் காட்டினாலே கொடுக்கும் கடைகள் இருக்கும்வரை நீங்கள் ஓபியில் குறைப்பது மாலையில் மெடிக்கலில் நிரம்பிவிடும். வீட்டாரை வைத்துத்தான் இதைப் பிடிக்க முடியும்.

தாளில் மடித்துத் தரும் வலி மாத்திரைகளும் அப்படியே. மூன்று நாலு உதிரி மாத்திரைகளில் ஒரு குட்டி வெள்ளை இருந்தால் பீட்டாமெத்தசோனா என்று கேளுங்கள். அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தின்றதை வீட்டாரே பயந்து திடீரென நிறுத்தினால் பிரஷர் விழுந்து மயங்குவார்.

#23 தஞ்சாவூர்க்காரன்

வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகக் கேட்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு நாங்களே எதையாவது நிறுத்தலாமா?

#24 மஞ்சப்பை

வேண்டாம் சார். தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, அட்டெனலால் மெட்டோபிரலால் வகை, குளோனிடின், லெவோடோபா இவற்றைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து. நீங்கள் செய்ய வேண்டியது வேறு. வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். லேகியம், சூரணம், டானிக், ஊசிச் சீட்டு, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய இரண்டு மாத்திரை எல்லாம்.

#25 கிராம செவிலி

அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதி தேதியும் இருக்கும் ஓரத்தைக் கடைசியாக வெட்டுங்கள். கம்பெனி மாறினால் மாத்திரை நிறம் மாறும். போன மாத வெள்ளையும் இந்த மாத மஞ்சளும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் போடுவார்கள். புதுசு கொடுக்கும்போது பழைய மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

#26 புறநோயாளி அறை

எல்லோர் சொன்னதையும் வைத்துப் போட்ட திட்டம்:

முதல் வருகை: வரி 1, 9, 12 நிறுத்தம். 8-ல் லெவோசல்பிரைடு இல்லாத பான்டோபிரசோல். ஆஸ்பிரின் நிறுத்தம். சோடியம், பொட்டாசியம், படுத்து நின்ற பிரஷர்.
இரண்டாம் வாரம்: சர்க்கரை பார்த்தல். அம்லோடிபின் 5, ஃபுரோசெமைடு குறைப்பு.
நாலாம் வாரம்: ட்ரைஹெக்ஸிஃபெனிடில் குறைப்பு தொடக்கம், பான்டோபிரசோல் 20.
எட்டாம் வாரம்: அல்பிரசோலம் குறைப்பு தொடக்கம்.

அடோர்வாஸ்டாட்டின் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர், தொந்தரவும் இல்லை.

#27 முதியோர் வார்டு

சரி. ஒரே திருத்தம்: சோடியம் முடிவு வர இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்று மாலையே போனில் கேளுங்கள். முழுத் திட்டத்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி, 'ஏன் நிறுத்தினோம்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இல்லாவிட்டால் அடுத்த மாதம் டூட்டிக்கு வரும் வேறு டாக்டர் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் திரும்ப எழுதிவிடுவார்.

#28 மருந்தறை

கண் சொட்டு மருந்து கேட்டீர்களா? கண் அழுத்தத்துக்கு டிமலால் சொட்டு விடுபவர்கள் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலக்கும். நாடி 48-க்கு இறங்கித் தலை சுற்றும், ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வரும்.

#29 புறநோயாளி அறை

மாதிரிச் சீட்டில் நான் எழுதவே இல்லை. யோசித்தால், ஓபியிலும் கேட்டதில்லை. நாலு கட்டத் தாளில் 'சொட்டு, தைலம், ஊசி' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.